அடங்காத காந்தமும் என் கொலுசும்

காந்தப் பொருளைக் குளிரவைத்தால் அதிலுள்ள அணுக்காந்தங்கள் அடங்கி, ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். திருச்சியில் நான் ஆராய்ந்த செம்புச் சேர்மமோ எந்தக் குளிருக்கும் அடங்கவில்லை. அணுக்கருக்களின் சிக்னலைப் பிடிக்கும் என்.எம்.ஆர். கருவியில் வந்த செம்பின் சிக்னல் அப்படித்தான் காட்டியது.

"அது சாம்பிளோட சிக்னல் இல்லம்மா, அதைச் சுத்தியிருக்கற செம்புக் கம்பியோடது. வேற தலைப்பு எடுத்துக்கோ," என்றார் பேராசிரியர்.

நான் எடுக்கவில்லை. ஸ்ரீரங்கத்து வெள்ளிப் பட்டறையில் என் கொலுசைக் கழற்றி வைத்தேன். "துளி செம்புகூட இல்லாம சுத்தம் பண்ணி, மெல்லிசு கம்பியா இழுத்துக் குடுங்க."

"கல்யாணத்துக்குன்னு வாங்கினதுடி!" என்று வீட்டில் அம்மா கத்தினாள்.

செம்புக் கம்பியை எடுத்துவிட்டு, சாம்பிள்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி மறுபடி அளந்தேன். அதே சிக்னல் வந்தது. அது சாம்பிளுடையதுதான் என்று ஆனதும், பேராசிரியர் அதே தலைப்பைத் தொடரச் சொன்னார்.

அடங்காததையெல்லாம் கோளாறு என்று அதன்பின் நான் நினைப்பதில்லை. கால் ஏன் வெறிச்சென்று இருக்கிறது என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன்: "கொலுசு லேப்ல வேலை பாக்குதுங்க."