இரண்டு இன்ச் மழையும் ஜிகினா அட்டைகளும்

நாடுகாணிப் பக்கத்து எஸ்டேட் ஆபீசில் தினமும் காலை எட்டு மணிக்கு மழை அளப்பது என் வேலைகளில் ஒன்று. புல்வெளியில் நட்டிருக்கும் மழைமானியிலிருந்து தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, இத்தனை இன்ச், இத்தனை சென்ட் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். நூறு சென்ட் ஒரு இன்ச். மழை பெய்யாத நாளில் 'இல்லை' என்று எழுதுவேன். இந்தப் பழக்கம் வீட்டு நாட்குறிப்பிலும் ஒட்டிக்கொண்டது. அதனால்தான், நாங்கள் மூன்று பேர் அட்டை ஆடத் தொடங்கியது பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, பிற்பகல் மூன்று பத்துக்கு என்று என்னால் சொல்ல முடிகிறது.

அட்டை என்றால் ரம்மி இல்லை. கற்பனை மிருகங்களும் மந்திரவாதிகளும் அச்சிட்டவை. ஆளுக்கு அறுபது அட்டை கொண்ட ஒரு கட்டு. அதைக் கலைத்துக் கவிழ்த்து வைத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எதிராளியின் மிருகங்களை வீழ்த்த வேண்டும். கூடலூர் பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கும் என் நண்பர், போன் உறைகளுக்கு நடுவே இந்தக் கட்டுகளையும் கொக்கியில் தொங்கவிட்டிருந்தார். பாய் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். அச்சடித்த எதையும் படிக்காமல் விடாத நான், ஒரு கட்டை வாங்கி, உள்ளேயிருந்த ஆங்கில விதித்தாளை நான்கு மாலைகளில் தமிழில் எழுதி முடித்தேன். அதைப் பாய்க்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, சார்ஜர் வாங்க வந்த ஒரு பெண் நின்று கேட்டார். எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியில் இலை வாட்டும் பகுதியில் வேலை செய்பவர். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் மகள். நான் தவறாகச் சொன்ன ஓரிடத்தை அவர்தான் திருத்தினார். அன்றே அவரையும் உட்கார வைத்துவிட்டோம்.

மொத்தமே இரண்டு கட்டுதான் வாங்கினோம். இருவர் ஆட, ஒருவர் பார்த்திருப்பார். தோற்றவர் எழுந்து இடம் விட வேண்டும். கூடுதல் அட்டைக்காக மூடிய பாக்கெட் பிரிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தோம். பாக்கெட்டுக்குள் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கோயமுத்தூரில் ஒரு கடையில் சாதாரண அட்டைகளை உதிரியாக, ஒரு டீ விலைக்கு மூன்று என்று தருகிறார்கள். வேண்டியதை மட்டும் எழுதிப் போட்டு வாங்கியதில், இரண்டு மாதத்துக்குள் ஆளுக்கொரு கட்டு சேர்ந்துவிட்டது.

ஏப்ரலில் பாய்க்குக் கை அரிக்கத் தொடங்கியது. தன் கடைக் கொக்கியிலிருந்தே பாக்கெட்டுகளைப் பிரித்தார். முகப்பில் ஜிகினா மின்னும் அட்டைகள் ஒன்பது கிடைத்தன. எல்லாம் பலசாலிகள். அதன்பின் ஏழு ஞாயிறுகள் அவர் தோற்கவேயில்லை. ஏழாவது ஞாயிறு திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெண் என்னிடம் சொன்னார்: "அடுத்த ஞாயிறோட நிறுத்திக்கிறேங்க சார். தோக்கறது பெரிசில்லீங்க. எது போட்டாலும் முடிவு தெரிஞ்சுபோச்சுன்னா, எதுக்கு பஸ் ஏறணும்?"

எனக்கு மனம் கேட்கவில்லை. வீட்டில் போராடி, சமையலைக் கணவர் தலையில் கட்டி, ஞாயிறு பிற்பகலைத் தனக்கென்று வாங்கியவர் அவர். எங்களில் நன்றாக ஆடத் தெரிந்தவரும் அவர்தான்.

அந்தக் கடைசி ஞாயிறு ஜூன் மாதத்தில் வந்தது. அந்த வாரம் மட்டும் ஒன்பது இன்ச் முப்பது சென்ட். கடையில் சுவரே வியர்த்திருந்தது. ஆட்டம் தொடங்கியதும், பாய் என்ன போடப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்தவர்போல அந்தப் பெண் ஆடினார். இருபது நிமிடத்தில் பாய் காலி. முடிவை எழுத நான் நாட்குறிப்பை எடுப்பதற்குள் அவர் கையமர்த்தினார்.

"எழுதாதீங்க சார். பாய், இந்த ஆட்டம் சேராதுங்க. ஈரத்துல உங்க ஜிகினா எல்லாம் ஆமை முதுகு மாதிரி வளைஞ்சு நிக்குது. அது மேல வர்றப்பல்லாம் எனக்குத் தெரிஞ்சுது."

"எப்ப இருந்து தெரியும் தங்கச்சி?"

"ரெண்டாவது ரவுண்டுல இருந்து."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"ஏழு வாரம் தோத்திருக்கேன் பாய். ஒரு தடவ செயிச்சுப் பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அட்டைகளை நேராக்கிக் கொண்டுவருவதாகவும், அதைப் பார்க்கவாவது அடுத்த வாரம் வர வேண்டும் என்றும் அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

நேராக்க வழி சொன்னது நான்தான். ஃபேக்டரி டிரையரிலிருந்து அப்போதுதான் இறங்கிய தேயிலைத்தூள் ஈரத்தைக் குடிக்கும் என்று படித்திருந்தேன். கால் கிலோ வாங்கிக் கொடுத்தேன். பாய் ஒன்பது அட்டைகளையும் தூளோடு டின்னில் போட்டு மூடி வைத்தார். அடுத்த ஞாயிறு, இஸ்திரி போட்டதுபோல நேராக வந்தன. அந்தப் பெண் கட்டின் பக்கம் குனிந்து மூச்சை இழுத்தார்.

"டஸ்ட் கிரேடு டீத்தூள் வாசம். கண்ண மூடிட்டே எடுத்துக் குடுக்கட்டுங்களா?"

பாய் அறுபதையும் கவிழ்த்துப் பரப்பினார். அந்தப் பெண் கண்ணை மூடி, ஒவ்வொன்றாக முகர்ந்து, ஒன்பதில் ஏழைச் சரியாக எடுத்துவிட்டார். மீதி இரண்டையும் தூள் ஒட்டியிருந்த ஓரத்தை வைத்து நானே கண்டுபிடித்தேன். சாதாரண அட்டைகளையும் டின்னில் போட்டிருந்தால் எல்லாமே ஒன்றுபோல மணத்திருக்கும். எனக்கும் பாய்க்கும் அது தோன்றவில்லை.

விதியை முன்வைத்தவர் அந்தப் பெண். ஞாயிறு காலையோடு முடிகிற ஏழு நாளில் மழை இரண்டு இன்ச்சைத் தாண்டினால் ஜிகினா கூடாது. எல்லோரும் உதிரி அட்டையில்தான் ஆட வேண்டும். தாண்டாவிட்டால் பாய் இஷ்டம். அளப்பது யார் என்று பாய் கேட்டார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"டம்ளர்ல தண்ணி புடிச்சு நீங்களே ஊத்தலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பாய். அளவுக் குவளையைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புவது என்று தீர்மானமாயிற்று.

அந்த மழைக்காலம் முழுக்க அந்தப் பெண் ஒரு ஞாயிறும் தவறவில்லை. பாதிக்கு மேல் அவரே ஜெயித்தார். தோற்ற நாட்களிலும், கடைசி அட்டைவரை பாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. உதிரியில் எந்த மூன்று அட்டை சேர்ந்தால் நன்றாக இருக்கும் என்று பாயே எனக்குப் போன் செய்து விசாரிக்கத் தொடங்கினார்.

செப்டம்பரில் மழை மெலிந்தது. ஒரு சனிக்கிழமை காலைவரை அந்த வாரக் கூட்டல் ஒரு இன்ச் தொண்ணூற்றேழு சென்ட். அன்று பகலெல்லாம் வெயில். பாய் ஜிகினா அட்டைகளுக்குப் புது உறை மாட்டிப் படம் அனுப்பினார். அந்தப் பெண்ணிடமிருந்து ஒரே கேள்வி: "வானத்துல மோடம் இருக்குங்களா சார்?"

ஞாயிறு எட்டு மணிக்குக் குவளையைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். விடிகாலைத் தூறல், நான்கு சென்ட். படத்தை அனுப்பினேன். பாயிடமிருந்து நமத்துப்போன ஓர் அப்பளத்தின் படம் மட்டும் பதிலாக வந்தது.

இரண்டு மணி பஸ்ஸில் ஏறும்போது அந்தப் பெண் எனக்கு முன்பே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டைக் கட்டு. "ரெண்டு இன்ச், ஒரு சென்ட்," என்றார், டிக்கெட் எடுக்கும் முன்பே.