நடுரோட்டில் இறக்கிய கரும்பு

மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஆற்றோரத் தெருவில் வாழ்ந்த கொளஞ்சியம்மாள் கரும்பு வெட்டும் கூலியாள். அரசு நடத்திய வெள்ள மீட்புப் பயிற்சிக்கு அந்தத் தெருவிலிருந்து போன ஒரே பெண் அவள்தான்.

ஒரு கார்த்திகைக் காலையில், அணை நிரம்பிப் பெண்ணையாற்றில் தண்ணீர் திறக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு முதியவர்களைக் கொண்டுபோக வண்டி இல்லை. அப்போது கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆலைக்குக் கிளம்பி வந்தது. அவள் நடுரோட்டில் நின்று மறித்தாள். ஓட்டி வந்தவர் அவளுக்குக் கூலி தரும் நிலக்காரர் ராஜாங்கம்.

“வழிய வுடு கொளஞ்சி, ஆலைக்கு நேரமாவுது.”

“கரும்ப இங்கயே இறக்கிடுங்க. ஆத்துல தண்ணி ஏறிக்கினு இருக்குது.”

“இன்னா பேசற நீ? மழையில கெடந்தா அத்தினியும் வீணாப் போவும்.”

“திரும்ப நாங்களே ஏத்தித் தர்றோங்க. மொதல்ல எங்க சனம் மேடு ஏறட்டும்.”

அவள் நகரவில்லை. ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்த ராஜாங்கம் இறங்கி, தானே கயிற்றை அவிழ்த்தார்.

ஆடுகளோடு தெரு முழுவதும் டிராக்டரில் மேடேறியது. மாலையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது உள்ளே ஒருவரும் இல்லை.

மறுநாள் வந்த அதிகாரி ராஜாங்கத்தைப் பாராட்டினார்.

“என்னைய வுடுங்க சார், வண்டிய மறிச்சது அவங்க” என்று அவர் கொளஞ்சியம்மாளைக் காட்டினார்.

அவள் நிமிர்ந்து நின்று சொன்னாள்: “எங்க தெருவுல ஒரு ஆளுகூட கொறையலைங்க.”