மூன்று ஓட்காவும் வேலுச்சாமி அண்ணன் நாக்கும்

வியாழக்கிழமை காலை பசுமலை மில்லில் சாயம் கலந்துகொண்டிருந்தேன். சீமைச் சாராயக் கடைக் கணக்குப்பிள்ளை சைக்கிளில் அங்கேயே வந்துவிட்டார். "வேலுச்சாமி செத்துப்போனாருப்பா" என்றார். "கண்ணுதானே தெரியலைன்னாங்க" என்றேன். அதையே இரண்டாம் முறையும் சொன்னேன் போலிருக்கிறது. அவர் என் கையிலிருந்த சாய வாளியை வாங்கிக் கீழே வைத்தார்.

நான் ஓயாமல் போய் உட்காரும் அந்தக் கடையில் எந்தச் சரக்கை எடுப்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்தவர் வேலுச்சாமி அண்ணன்தான். நாலு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பார். பிறகு ஒரு மடக்கு. அடுத்த பாட்டிலுக்கு முன் பச்சரிசியை மென்று துப்புவார். "எறங்குறப்ப சண்டை போடக்கூடாது மாப்ள. எறங்குன பொறவு வந்த சேதியச் சொல்லணும்" என்பார். ரசாயனம் படித்த எனக்கு இதெல்லாம் பொறுக்காது.

விலை கூடிய ஜின்னைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று ஒரு வக்கீல் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு நாள் இரண்டு கிளாஸில் ஊற்றி, எது எதுவென்று சொல்லாமல் வைத்தார். வக்கீல் மலிவானதைக் குடித்துவிட்டு, "இதுதான்யா சரக்கு" என்றார். "அப்ப ஐயா இம்புட்டு நாளும் லேபிளத்தான் குடிச்சிருக்கீக." வக்கீலும் சிரித்துவிட்டார்.

யுத்தத்தால் கப்பல் சரக்கு நின்றுபோயிற்று. ஏஜெண்டு ஒருவன், மதுரையில் பலர் பெயரே கேட்டிராத ஓட்காவில் மூன்று மாதிரி பாட்டில் கொண்டுவந்தான். லேபிளில் கரடி, படகு, மணி என்று படங்கள். கரடிதான் விலை அதிகம். மணி அதில் பாதி. அது திங்கட்கிழமை மத்தியானம். அண்ணனுக்குக் கடுமையான ஜலதோஷம். கரடியைக் குடித்து, "நல்ல சரக்கு, கொஞ்சம் மொரடு" என்றார். படகு பின்னால் கசந்தது. மணியில் ஒரு மடக்கு குடித்துப் பார்த்து, "எறங்குனதே தெரியல, லேசா இனிக்கிது. ஆனா மூக்கு அடைச்சிருக்கு. மோந்து பாக்காம சொல்லமாட்டேன், ரெண்டு நாள் போகட்டும்" என்றார்.

ஏஜெண்டு ரயிலுக்கு அவசரப்பட்டான். அவனைவிட நான் அவசரப்பட்டேன். சரக்கில் மிதக்கவிட்டு வீரியம் பார்க்கும் ஹைட்ராமீட்டரைக் கொண்டுபோயிருந்தேன். கரடியிலும் மணியிலும் ஒரே எண். "ரெண்டும் ஒன்னுதாண்ணே. பாதி விலை. மூக்குல என்ன டிகிரியா போட்டிருக்கு?"

"படிச்சவன் சொல்ற" என்றார். கடையில் வைக்கும் எதையும் முதலில் ஒரு முழு கிளாஸ் தானே குடித்துவிடுவது அவர் வழக்கம். மணியை ஊற்றிக் குடித்தார்.

மறுநாள் கண் மங்கியது. வார்னிஷ் பட்டறைக்குப் போகவேண்டிய மர ஸ்பிரிட் கலந்திருக்கிறது என்றார் டாக்டர். அந்த விஷமும் சாராயமும் எடையில் ஏறக்குறைய ஒன்று. ஹைட்ராமீட்டருக்கு எடையைத் தவிர ஒன்றும் தெரியாது. இது பரீட்சைக்கே நான் எழுதிய பாடம்.

புதன்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் சொன்னேன். "கருவிக்கு அது தெரியாதுண்ணே. பாடத்துல இருந்துச்சு, மறந்துட்டேன்."

குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "மறந்தியா, அவசரப்பட்டியா?"

"அவசரப்பட்டேன்."

"அப்ப அதையே சொல்லு. மறந்தேன்னு சொன்னா, நாளைக்கும் மறப்ப."

அவரை அறிந்த நீங்கள் பலரும், உன் மேல் தப்பில்லை, ஏஜெண்டு செய்த மோசம் என்கிறீர்கள். மோசம் அவனுடையதுதான், போலீஸ் தேடுகிறது. ஆனால் அண்ணன் கேட்டது இரண்டு நாள். அதைக் கொடுக்காதவன் நான். இத்தனை நாள் பழகியதில் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது கட்டில்மேல் அவர் செய்த அந்தத் திருத்தம் ஒன்றுதான். யார் எப்படி ஆறுதல் சொன்னாலும் அதை மாற்றுவதாக இல்லை. நான் மறக்கவில்லை. அவசரப்பட்டேன்.