எரியாத சிவப்பு

எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் சூப் வாங்கினால் கூடவே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கிண்ணமும் வரும். அதில் வட்டம் வட்டமாக நறுக்கிய மிளகாய் இருக்கும். சூப்பில் காரமே கிடையாது. வேண்டியவர்கள் கிண்ணத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் தள்ளி வைத்துவிடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நான் இருப்பது ஹங்கேரி நாட்டின் தெற்குப் பக்கம், சேகெட் என்கிற ஊர். மின்கம்பி செய்யும் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. வந்த முதல் வாரத்தில் அந்தக் கிண்ணத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காரத்தை இப்படித் தனியாகப் பிரித்து வைக்கலாம், அதை ஒருவன் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதெல்லாம் எனக்குப் புதுச் செய்தி. எங்கள் செஞ்சியில் காரம் அடுப்பிலேயே முடிவாகிவிடும். சட்டியில் இருப்பதுதான் வீட்டில் எல்லாருக்கும்.

ஆனால் அந்தச் சுதந்திரத்தை அனுபவிக்க என்னை விடவில்லை. இந்தியாவிலிருந்து ஒருவன் வந்திருக்கிறான் என்று தெரிந்ததும் மேசையில் இருந்த கிண்ணங்கள் எல்லாம் என் பக்கம் நகர்ந்து வந்தன. "எரோஷ், எரோஷ்" என்று சொல்லிச் சிரித்தார்கள். எரோஷ் என்றால் உறைப்பானது, வலுவானது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு, எங்கள் எரிச்சல்தான் ரயிலேறி இங்கே வந்து பெயரைச் சுருக்கிக்கொண்டதோ என்று தோன்றியது. நாட்டின் மானம் என் நாக்கில் இருப்பதாக நினைத்து நாலு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டேன். அடுத்த நிமிடம் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. எதிரே உட்கார்ந்திருந்த மார்ட்டா எங்கள் தொழிற்சாலையின் பொருள் கிடங்கைக் கவனிக்கிறவர், என் அம்மாவைவிடச் சில வயது இளையவர். அவர் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, "ஹொன்வாஜ்?" என்று கேட்டார். காரமா என்று கேட்கிறார் என்று நினைத்துத் தலையை வேகமாக ஆட்டினேன். "ஆமாம், ஆமாம், ரொம்ப" என்று தெரிந்த ஹங்கேரியச் சொற்களை எல்லாம் போட்டுச் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் தோளைக் கட்டிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு பை நிறைய மிளகாய் கொண்டுவந்து கொடுத்தார். அவர் வீட்டுத் தோட்டத்தில் காய்த்தது. அதற்கடுத்த திங்களும் வந்தது. ஹொன்வாஜ் என்றால் ஊர் ஏக்கம் என்பது எனக்குத் தெரிய அந்தக் குளிர்காலம் முடிய வேண்டியிருந்தது. ஊரை நினைத்து அழுகிற பிள்ளைக்கு ஆறுதலாக அந்த அம்மா மிளகாய் கொண்டுவந்திருக்கிறார். நான் அதை வாங்கிப்போய், தூக்கி எறிய மனமில்லாமல், ஜன்னல் ஓரமாகக் காயவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

என்னைப்போல் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நாம் எதைச் சாப்பிடுவோம் என்று நமக்கு முன்னால் நம் நாடு வந்து சொல்லிவிடுகிறது. என் விஷயத்தில் அது முழுப் பொய். செஞ்சி பஜாரில் எங்கள் நைனா வைத்திருப்பது மிளகாய்க் கடை. குண்டு மிளகாயும் நீட்டு மிளகாயும் மூட்டை மூட்டையாக இருக்கும். வல்லத்துப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டவர்கள் அதை விற்ற கையோடு வந்து வருஷத்துக்கான மிளகாயை எங்களிடம்தான் எடுப்பார்கள். நைனா ஒரு மிளகாயைக் கிள்ளி, விரலை நாக்கு நுனியில் தொட்டு, எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார். அவருடைய ஒரே பிள்ளைக்கு ரசம்கூட எரிந்தது. பள்ளிக்கூடத்தில் என் பெயர் தயிர்சாதம். சேகர் என்று வருகைப்பதிவில் மட்டும்தான் இருந்தது.

நைனா என்னை அடித்ததில்லை, கேலி செய்ததும் இல்லை. அவருக்கு அது வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் என் பக்கத்தில் உட்காருவார். வத்தக்குழம்பு வாளி வரும்போது பரிமாறுகிறவரிடம் குரலைத் தாழ்த்தி, "பையனுக்கு வயிறு சரியில்ல, மோர் ஊத்து" என்பார். நான் வளர்ந்து மீசை வைத்த பிறகும் எல்லாக் கல்யாணத்திலும் எனக்கு வயிறு சரியில்லை. மிளகாய்க் கடைக்காரன் மகன் மிளகாய் தின்னமாட்டான் என்பதைவிட, அவன் நிரந்தர நோயாளி என்பது அவருக்குச் சொல்லச் சுலபமாக இருந்தது.

மார்ட்டாவிடம் ஒருநாள் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. மறுநாள் ஒரு துணிப்பையில் சிவப்புத் தூள் கொண்டுவந்து, "இது ஏடெஷ்" என்றார். ஏடெஷ் என்றால் இனிப்பு. சர்க்கரை கலந்த மிளகாய்த்தூள் என்று நினைத்துப் பாயசத்தில் போடுவதா என்று கேட்டேன். மறுபடியும் சிரித்தார். பப்ரிகா என்று இங்கே சொல்கிற அந்த மிளகாயில் எரிகிற ரகமும் உண்டு, கொஞ்சமும் எரியாத ரகமும் உண்டு. எரியாததுதான் இனிப்பு. வெங்காயத்தை எண்ணெயில் நன்றாகக் குழைய வதக்கி, சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத்தான் தூளைப் போட வேண்டும், இல்லாவிட்டால் கருகிக் கசந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தார். அன்றிரவு என் அறையில் சிவக்கச் சிவக்கக் குழம்பு வைத்து, சோற்றில் ஊற்றிப் பிசைந்து, வியர்க்காமல் சாப்பிட்டேன். சிவப்பான ஒன்றை அப்படிச் சாப்பிட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

கடுகையும் இங்கேதான் புதிதாகக் கண்டுபிடித்தேன். ஊரில் கடுகு என்றால் எண்ணெயில் வெடிக்கிறது, இலையோரம் ஒதுக்கப்படுகிறது. இங்கே அரைத்து மஞ்சள் விழுதாக்கி ரொட்டியிலும் இறைச்சியிலும் தடவுகிறார்கள். வசந்தப் பண்டிகையில் துருவி வைக்கிற ஒரு கிழங்கும் அதே ஜாதி. இரண்டும் நாக்கைத் தொடாமல் நேரே மூக்குக்கு ஏறி, உச்சியில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விடும். அது எனக்குப் பிடித்துவிட்டது. மிளகாயின் காரம் வந்தால் உட்கார்ந்துகொள்ளும். இது வந்த வேகத்தில் கிளம்பிவிடுகிறது. போனில் நைனாவிடம் சொன்னபோது, "தாளிக்காமலா கடுகத் திங்கிறானுங்க" என்று நம்பாமல் கேட்டார். எனக்கு ஒரு காரம் பிடித்திருக்கிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததாக நினைக்கிறேன்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு சில மாதங்களில் நைனாவுக்கு வாய்க்குள் கட்டி வந்தது. புதுச்சேரியில் அறுவைசிகிச்சை செய்து எடுத்துவிட்டு, வாரக்கணக்கில் கரண்ட் வைத்தார்கள். கதிர் சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். நான் விடுப்பு வாங்கிக்கொண்டு போனபோது சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். கடையை மாமா பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் நைனா பாதியாக இருந்தார். வாயெல்லாம் புண். உப்பு எரிந்தது, புளி எரிந்தது, மிளகாயின் பேரைச் சொன்னாலே கண் கலங்கியது.

"சாப்டியா நைனா?"

"சாப்ட்டேன்."

"எங்க சாப்ட்டாரு," என்றாள் அம்மா. "ரெண்டு ஸ்பூனு கஞ்சி. அதோட தள்ளி வெச்சிட்டாரு. இப்டியே எடை எறங்கிட்டு இருந்தா மூக்கு வழியா டியூப் போட்டுடுவோம்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கு டென்ஷனா இருக்குதுடா."

நைனா சுவரைப் பார்த்தபடி சொன்னார். "எதப் பாத்தாலும் வெள்ளையா இருக்குது. கஞ்சி, பாலு, தயிரு, இட்லி. எங்கண்ணு மொதல்ல வேணாங்குது. அப்பறந்தான் வாயி."

அம்மா எல்லாம் செய்து பார்த்திருந்தாள். காஷ்மீர் மிளகாயைக்கூட ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்து, அதுவும் எரிந்து, அவர் தட்டைத் தள்ளியதில் அது சுவரோரம் போய் விழுந்ததாம். பார்க்க வந்தவர்கள் ஏன் ஒன்றும் சாப்பிடவில்லை என்று கேட்டால் அவர், "வயிறு சரியில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டபோது நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.

நான் சேகெட்டிலிருந்து கிளம்பும்போது மார்ட்டா, என் அம்மாவுக்கு என்று இரண்டு பொட்டலம் இனிப்புப் பப்ரிகா கொடுத்திருந்தார். மறுநாள் காலையில் ஒன்றைப் பிரித்தேன். கடலை எண்ணெயில் வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் போட்டு வதக்கி, புளி இல்லாமல், உப்பைப் பேருக்குப் போட்டு, சட்டியை இறக்கித் தூளைக் கையில் எடுத்தேன். அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடா பண்ற. வாயி ரணமா கெடக்குது, மிளகாத்தூளப் போட்டுக் கொல்லப் பாக்கிறியா?"

"நீ மொதல்ல நாக்குல வெச்சிப் பாரும்மா."

தொட்டு வைத்துப் பார்த்தாள். காத்திருந்தாள். இன்னொரு தடவை தொட்டாள். "வாசனதான் வருது. வேற ஒண்ணும் இல்லியே," என்றாள். கையை விட்டுவிட்டாள்.

அரிசியைக் குழைய வேகவைத்து, குழம்பைத் தண்ணியாக ஊற்றி, தட்டை நைனாவின் முன்னால் வைத்தேன். சிவப்பைப் பார்த்ததும் நிமிர்ந்தார். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு விரலால் குழம்பைத் தொட்டு, கடையில் சரக்குப் பார்க்கிற மாதிரியே நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எரிச்சலுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. கண்ணைத் திறந்து மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

"எந்த ஊரு சரக்கு இது?"

"நான் இருக்கிற ஊரு நைனா."

"இதுல எதுனா பண்றானுங்களா, இல்ல வெளையறப்பவே இப்டியா?"

"வெளையறப்பவே இப்டிதான்."

ஒரு வாய் எடுத்தார். விழுங்க நேரமானது. இன்னொரு வாய் எடுத்தார். அம்மா தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனவள் வெகு நேரம் வரவில்லை. பாதித் தட்டு முடிந்திருந்தபோது நைனா கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சின்னப் புள்ளயில சாப்புட்றப்பல்லாம் அழுவியே. உனக்கும் இப்டித்தான் எரிஞ்சுதா?"

 அவர் வாயிலிருந்த புண்ணை நான் பார்த்திருந்தேன்.

"இவ்ளோ இல்ல நைனா," என்றேன்.

அவர் தட்டில் மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்தார். "இருந்தாலும் எரிஞ்சிருக்கும்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தார். அன்றைக்கு அந்தத் தட்டைக் காலி செய்தார்.

நான் இருந்த வரைக்கும் தினம் ஒருவேளை அந்தச் சிவப்புக் குழம்பு. சில நாள் உருளைக்கிழங்கு, சில நாள் சுரைக்காய், ஒருநாள் முட்டையை உடைத்து ஊற்றி. எடை இறங்குவது நின்றது. அடுத்த முறை புதுச்சேரிக்குப் போனபோது டாக்டர் குழாயைப் பற்றிப் பேசவே இல்லை. நான் கிளம்புகிற அன்று நைனா கடை வரைக்கும் நடந்து வந்து, மூட்டைகளுக்கு நடுவில் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா ஓர் ஓரமாக நகர்ந்துகொண்டார். தெரு முனையில் ராஜகிரி மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்குத் திண்டிவனம் பஸ் வந்துவிட்டது.

அம்மா தன் கையால் இடித்த இட்லி மிளகாய்ப் பொடியை ஒரு பாட்டிலில் அடைத்து மார்ட்டாவுக்கு என்று கொடுத்தனுப்பினாள். நன்றி சொல்ல அவளுக்கு வேறு மொழி தெரியாது. மார்ட்டா அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் சாப்பாட்டுக்கூடத்து அலமாரியில் வைத்து, எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். கத்தி நுனியில் துளி எடுத்து ரொட்டியில் தூவி, ஹா ஹா என்று வாயைத் திறந்துகொண்டு சாப்பிடுகிறார்கள். நான் மட்டும் தொடுவதில்லை.

நைனாவுக்கு நாக்கு மெதுவாகத் திரும்பி வருகிறது. முதலில் இனிப்பு வந்தது, பிறகு உப்பு. காரம் இன்னும் ஆகவில்லை, இனி ஆகாமலே போகலாம் என்கிறார் டாக்டர். வீட்டில் இப்போது சட்டியில் இருப்பது எரியாத குழம்பு. அம்மாதான் அது சப்பென்று இருப்பதாகச் சலித்துக்கொண்டு, ஊறுகாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் இங்கிருந்து பப்ரிகா அனுப்புகிறேன். இரண்டு கிலோ அனுப்பட்டுமா என்று கேட்டால் நாலாக அனுப்பு என்பார் நைனா. எதற்கு அவ்வளவு என்று நான் கேட்டதில்லை.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் போன் செய்தேன். கடையில் இருந்தார். வியாபாரத்துக்கு நடுவில் போனை அணைக்காமல் மேசையில் வைத்துவிட்டார். ஒரு பெண் குரல் கேட்டது. வல்லத்திலிருந்து வருவதாகவும், மாமனாருக்கு வாயில் புண் என்றும், இங்கே ஏதோ காரமில்லாத தூள் இருப்பதாக ஆஸ்பத்திரியில் பார்த்த ஒருவர் சொன்னதாகவும் சொன்னாள்.

"இருக்குதும்மா," என்றார் நைனா. பொட்டலம் மடிக்கிற தாள் சத்தம் கேட்டது. "புண்ணு மேல பட்டாலும் எரியாது. எம்புள்ள ஊர்ல வெளையறது."

"உங்க புள்ளைக்கு இந்த ஊருதானே?" என்றாள் அவள்.

 நைனா, கால் கிலோ போதுமா என்று கேட்டார். அதே நேரம் இங்கே என் மேசைக்கு எதிரே, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் அலமாரியிலிருந்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இது என்ன என்று கேட்க, மார்ட்டா என் பக்கம் தலையசைத்து, "அவனுடைய ஊரிலிருந்து வந்தது, பார்த்து, எரோஷ்" என்றார். ஒரு காதில் செஞ்சி பஜாரில் ஏதோ பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு காதில், பொடியை வாயில் போட்டுப் பார்த்த அந்த மனிதர் இருமத் தொடங்கியிருந்தார். நான் போனைக் கீழே வைக்காமல், மறு கையால் அவருக்குத் தண்ணீர் நகர்த்திக் கொடுத்தேன்.