மேட்டு வீட்டம்மாவின் எரு வண்டி

வேலிக்கம்பி தளர்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கிறாள் மேட்டு வீட்டம்மா. தளரவில்லை. நேற்றும் தளரவில்லை. கைதான் கம்பியில் இருக்கிறது. கண்கள் சரிவுக்குக் கீழே, தங்கையின் லாயத்தில் மேய்கின்றன. கூரைத் தகடு மாற்றியிருக்கிறார்களா, தண்ணீர்த் தொட்டியருகே நிற்கும் செந்நிறக் குதிரை யாருடையது, வாசலில் நிற்கும் கார் வழக்கமாக வருவதா புதிதா, எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் காலைக் காப்பி தொண்டையில் இறங்கும். அதுவும் சில நாள் கசப்பாகத்தான் இறங்கும்.

அப்பா நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது மூத்தவளைத்தான் முதலில் கேட்டார். மேட்டைக் கேட்டு வாங்கியவள் அவளேதான். நல்ல காற்று, பழைய கல் லாயம், யார் வந்தாலும் முதலில் கண்ணில் படும் வீடு. தங்கைக்கு மிச்சம் கிடைத்தது. அந்த மிச்சம் பலகை போலத் தட்டையாக இருந்தது. தட்டையான இடத்தில் மணல் கொட்டிச் சவாரி வளையம் போட முடிந்தது. வளையத்துக்குப் பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகளைக் கொண்டுவிட வந்த பெற்றோர்கள் ஆளுக்கொரு குதிரை வாங்கி வாடகைக்கு அங்கேயே கட்டினார்கள். ஊரார் ஒருத்தியை மேட்டு வீட்டம்மா என்றும் மற்றவளைப் பள்ளத்து வீட்டம்மா என்றும் சொல்கிறார்கள். பட்டம் என்னவோ மூத்தவளுக்குத்தான் உயர்வு. அதை வைத்து என்ன செய்வதென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"அவளுக்கென்ன" என்பது அவள் வாயில் எப்போதும் இருக்கும் சொல். தங்கைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டாலும் "அவளுக்கென்ன, படுத்துக்க நேரமிருக்கு" என்பாள்.

குதிரைகளிடம் அவள் வேறு ஆள். ஐந்து குதிரைகளையும் அவள்தான் தேய்த்து விடுகிறாள். கணுக்காலில் உள்ளங்கையை வைத்தால் போதும், சூடு எங்கே ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கணவரிடம் பேசாத குழைவான குரலில் அவற்றிடம் பேசுவாள். கிழவி என்று அவள் கூப்பிடும் சாம்பல் நிறக் குதிரை மட்டும் அவ்வப்போது வேலியோரம் போய்க் கீழே இருக்கும் குதிரைகளைப் பார்த்துக் கனைக்கும். அன்றைக்கெல்லாம் அதன் தலைக்கயிற்றைப் பிடித்து இழுத்துவந்து, "நீயுமா?" என்று கேட்பாள். கேள்வியில் விளையாட்டு கொஞ்சம்தான் இருக்கும்.

எரு வண்டி விவகாரத்தைக் கொண்டுவந்தவர் லாடக்காரர். இரண்டு லாயங்களுக்கும் அவர்தான் லாடம் அடிக்கிறார். ஆகவே இரண்டு வீட்டுச் செய்தியும் அவர் பையில் இருக்கும். குதிரையின் காலைத் தன் முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் சொன்னார்:

"கீழ வீட்ல எரு இறைக்கிற வண்டி வாங்கியிருக்காங்கம்மா. பெருசு. டிராக்டருக்குப் பின்னாடி மாட்டிட்டுப் போனா லத்தியெல்லாம் பூ மாதிரி பறந்து விழுது."

"அப்படியா? எவ்வளவு பெருசு?" என்றாள். பிறகு, "சும்மா கேட்டேன்" என்றாள்.

மேட்டு லாயத்துக்குப் பின்னால் லத்தியும் அழுக்கு வைக்கோலும் கலந்த குவியல் ஒன்று உண்டு. அவளுடைய கணவர் தினமும் கவைக்கோலால் வாரி, தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுவார். அவருக்குத் தோள்பட்டை வலி. குவியல் கூரை உயரத்துக்கு வந்திருந்தது, குளிர்காலக் காலையில் அடுப்பு மாதிரி புகைந்தது, ஈ மொய்த்தது. தன் குதிரையை அங்கே கட்டியிருந்த பல் மருத்துவர் ஒருமுறை மூக்கைப் பொத்திக்கொண்டு, "பின்னாடி மலை ஒண்ணு வளருதே" என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் பல மாதங்களாகச் சொல்லிவந்தார், சின்னதாக ஒரு எரு வண்டி வாங்கலாம் என்று. "நமக்கெதுக்கு?" என்பாள் அவள். லாடக்காரர் சொல்லிவிட்டுப் போன மறுநாள் காலையில் அவளே காரை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, "என்னங்க, கிளம்பலையா?" என்று கேட்டாள்.

பண்ணைச் சாமான் விற்பவரின் முற்றத்தில் எரு வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே குடும்பம்தான்: நீளமான பெட்டி, பெட்டியின் தரையில் நகரும் சங்கிலி, பின்பக்கம் முள் வைத்த உருளை. சங்கிலி எருவைப் பின்னால் தள்ளும், உருளை அதைப் பிய்த்து வீசும். விற்பவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். எத்தனை குதிரை, எவ்வளவு பெரிய டிராக்டர், வாசல் எவ்வளவு அகலம், நிலம் சமமா சரிவா. கணவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். விற்பவர் அவர்களை முற்றத்தின் மூலையில் நின்ற ஒரு குட்டி வண்டியிடம் அழைத்துப்போனார்.

"உங்களுக்கு இதுதான் சரி. இதுக்கு எஞ்சின்லேர்ந்து விசை எடுக்க வேண்டாம். சக்கரம் உருண்டா அதுவே சங்கிலியையும் உருளையையும் சுத்த வைக்கும். உங்க சின்ன டிராக்டர் அலுங்காம இழுத்துட்டுப் போயிடும்."

கணவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தரை மரப்பலகை. மூத்திர ஈரத்தில் இரும்பு அரித்துப் போகும், மரம் தாங்கும் என்றார் விற்பவர். கணவருக்கு முகம் மலர்ந்தது.

அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "பள்ளத்து வீட்டுக்கு எது கொடுத்தீங்க?"

விற்பவர் தயங்கிக் கை காட்டினார். சிவப்பு நிறம், ஆள் உயரப் பக்கச்சுவர், ஒன்றுக்கு இரண்டாக உருளைகள். "அவங்க டிராக்டர் பெருசு மேடம். நிலமும் சமம்."

"அதுக்கு அடுத்த அளவு இருக்கா?"

"விரலுக்கேத்த வீக்கம் போதும்மா" என்றார் கணவர் மெதுவாக.

"எந்த விரல்னு நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள்.

விற்பவர் கெட்டிக்காரர். இல்லை என்று சொல்லாமல், அந்த அடுத்த அளவு வண்டியை வீட்டுக்கே கொண்டுவருகிறேன், ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார். கொண்டுவந்த அன்று அவள் நல்ல சட்டை போட்டிருந்தாள். வண்டியை லாயத்துக்குள் கொண்டுபோக முடியவில்லை; கல் வாசலில் இரண்டு பக்கமும் இடித்தது. "வெளியில வச்சு ஏத்தினா போச்சு" என்றாள். கணவர் தோளைத் தேய்த்துக்கொண்டு குவியலிலிருந்து வாரி வாரி ஏற்றினார். பாதிப் பெட்டி நிறைந்ததும் விற்பவர் போதும் என்றார். அவள் வேலிக்கு அப்பால் பார்த்தாள். கீழே தங்கை சவாரி வளையத்தில் மணலை வாரியால் சமன் செய்துகொண்டிருந்தாள்.

"இன்னும் போடுங்க. அரைப்பெட்டிக்கா இவ்வளவு பெருசு?"

"சரிவுல இது உங்க டிராக்டரத் தள்ளும் மேடம். நான் மெதுவா மேட்டுப்பக்கமா ஓட்டிக் காட்டறேன்."

"எங்க டிராக்டர எங்களுக்குத் தெரியும். நீங்க ஓட்டுங்க" என்று கணவரிடம் சொன்னாள். எந்தப் பக்கம் ஓட்ட வேண்டும் என்பதையும் அவளே சொன்னாள். வேலிப் பக்கமாக, கீழே இருந்து பார்த்தால் தெரிகிற பக்கமாக.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை அன்று அந்தச் சரிவில் நடந்தது. புல்லில் ஈரம் இருந்தது. முதலில் எல்லாம் அழகாகத்தான் போயிற்று. உருளைகள் சுழன்றன, எரு விசிறியாகப் பறந்தது. சரிவு கூடுகிற இடத்தில் வண்டியின் பாரம் டிராக்டரின் முதுகில் சாய்ந்தது. கணவர் பிரேக்கை மிதித்தார். சக்கரங்கள் நின்றன, டிராக்டர் நிற்கவில்லை. ஈரப்புல்லில் வழுக்கிக்கொண்டே, நேராக இரண்டு நிலத்துக்கும் நடுவே இருக்கிற இரும்புக் கதவை நோக்கிப் போயிற்று. குதிரைகள் மிரண்டு மேல்மூலைக்கு ஓடின.

மேட்டு வீட்டம்மா மேலே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முதலில் தோன்றியது கணவரைப் பற்றி அல்ல. "அவ பாத்துட்டாளே" என்பதுதான் தோன்றியது. அடுத்த மூச்சில்தான் கால்கள் ஓடத் தொடங்கின.

தங்கை அதற்கு முன்பே ஓடியிருந்தாள். வாரியைப் போட்டுவிட்டு, கதவின் தாழை எடுத்து, முழு உடம்பாலும் தள்ளித் திறந்துவிட்டு ஒதுங்கினாள். டிராக்டர் கதவில் மோதாமல் உள்ளே புகுந்தது. சமதரையில் ஓடி, அப்போதுதான் சமன் செய்த மணல் வளையத்துக்குள் போய்ப் புதைந்து நின்றது. உருளைகள் மட்டும் நிற்காமல் சுழன்று, பெட்டியில் மிச்சமிருந்ததையெல்லாம் மணல் மீது ஒரு பிடி விடாமல் இறைத்து முடித்தன.

மூத்தவள் மூச்சிரைக்கக் கீழே வந்தபோது, கணவர் இருக்கையிலிருந்து இறங்கி வளையத்தின் மரச்சட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.  தங்கை அவர் கையோடு தன் கையையும் சேர்த்துத் தண்ணீர்க் குவளையைப் பிடித்திருந்தாள்.

"மெதுவா குடிங்க மாமா. ஒண்ணும் ஆகல."

அக்கா குவளையைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். "நான் பாத்துக்கறேன், விடு" என்று குவளையை வாங்கிக்கொண்டாள். அதில் தண்ணீர் தீர்ந்திருந்தது. வெறும் குவளையைப் பிடித்துக்கொண்டு கணவரின் முதுகைத் தடவினாள். 

கணவர் அவளைத் திட்டவில்லை. சாயங்காலம் குதிரைகளுக்குத் தீனி வைத்துவிட்டு வந்து, "நான் ஓட்டற வண்டிய நான் எடுக்கறேம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். அந்த வீட்டில் அது பெரிய செய்தி.

மறுநாள் காலையில் கூப்பிடாமலே வாரியோடு கீழே இறங்கிப்போனாள். அக்காவும் தங்கையும் சேர்ந்து வளையத்து மணலிலிருந்து எருவை வாரிப் பிரித்தார்கள். "பாவம் மாமா, தோள் வலியோட" என்றாள் தங்கை. "அவருக்கு நான் தைலம் தேய்ச்சேன்" என்றாள் அக்கா சட்டென்று. வேலைக்கு நடுவே, வளையத்தின் கீழ்மூலையில் மணல் ஈரமாக இருப்பதைக் கவனித்தாள். காலால் அழுத்தினாள், தண்ணீர் ஊறி மேலே வந்தது. "இங்க தண்ணி நிக்குமோ?" என்று கேட்டாள். "மழைக்காலத்துல பாதி வளையமே குளம்தான்க்கா" என்றாள் தங்கை.  அதற்குப் பிறகு அக்காவின் வாரி சற்று உற்சாகமாகவே நடந்தது.

குட்டி வண்டி வந்து சேர்ந்தது. அது கல் வாசல் வழியாக லாயத்தின் நடுப்பாதைக்குள்ளேயே போனது. கணவர் ஒவ்வொரு குதிரையின் தடுப்பிலிருந்தும் நேராக அதிலேயே வாரிப் போட்டார். தள்ளுவண்டிக்கு வேலையில்லாமல் போயிற்று. குதிரைகள் மேயாத, தீனிக்காக அறுத்துக் காயவைக்கும் புல்வெளியில் ஓட்டிப்போய் மெலிதாக இறைத்துவிட்டு வந்தார். புது லத்தியை மேய்ச்சலில் போட்டால் குடற்புழு பரவும் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பின்னாலிருந்த மலை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. ஆனாலும் யாராவது வண்டியைப் பற்றிக் கேட்டால், "சின்னதுதான், ஏதோ நம்ம அளவுக்கு" என்று உதட்டைச் சுழிப்பாள். கீழே சிவப்பு வண்டி போகும் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

ஒரு மத்தியானம் தங்கை மேட்டுக்கு வந்தாள். மாமாவைப் பார்க்க வந்ததாகச் சொன்னாள். அவர் கடைக்குப் போயிருந்தார். தங்கை லாயத்து வாசலில் நின்ற குட்டி வண்டியைச் சுற்றி நடந்தாள். சக்கரத்தில் கை வைத்தாள். பெட்டிக்குள் குனிந்து பலகையைத் தட்டிப் பார்த்தாள்.

"இது உள்ளயே வந்துடுதாக்கா?"

"ம்."

"என்னுது வராது. இன்னமும் தள்ளுவண்டில அள்ளிட்டுப் போய்த்தான் அதுல கொட்டறேன். ஈரமாயிட்டா போதும், வண்டி அச்சு வரைக்கும் இறங்கிடுது. பெருசு பெருசுன்னு எடுத்துட்டேன்." தங்கை சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "கைக்கு அடக்கமா எவ்வளவு அழகா இருக்கு. எனக்கு இந்த மாதிரி ஒண்ணு இருந்திருக்கணும்."

அப்படி ஒரு பார்வையை மேட்டு வீட்டம்மா தன் வாழ்நாளில் வெளியே இருந்து பார்த்ததில்லை. உள்ளே இருந்து மட்டும் நன்றாகத் தெரியும்.

"ஒருநாள் குடுத்தா ஓட்டிப் பாப்பேன்க்கா."

"உனக்கில்லாததா? எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோ" என்றாள் அக்கா வாய் நிறைய.

சொல்லிக்கொண்டே, லாயத்துச் சுவரோரம் சுருட்டி வைத்திருந்த தார்ப்பாயை எடுத்து உதறினாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. தங்கையின் கை விலகும் வரை காத்திருந்து, சக்கரம் வரை இழுத்துவிட்டு வண்டியை முழுசாக மூடினாள். பிறகு கயிற்றைச் சுற்றி, முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டு, இழுத்து இறுக்கினாள்.