கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க

எங்கள் ஆம்பூர் பக்கம் அட்ஜஸ்ட் என்ற சொல்லைத் தனியாக யாரும் சொல்வதில்லை. முன்னால் ஒரு ‘கொஞ்சம்’ சேர்த்துத்தான் சொல்வார்கள். பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் அதற்குச் சரிசெய்வது என்று பொருள் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பொருள் போதாது என்பது ஷூ கம்பெனி வேனில் ஏறிய முதல் நாளே தெரிந்துவிட்டது. நானும் இன்னொருத்தியும் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு ஒரு அக்கா வந்து, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணும்மா” என்றார். சொன்னவர் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார். நான் பாதி உடம்பு சீட்டுக்கு வெளியே தொங்க கம்பெனி போய்ச் சேர்ந்தேன். அன்றிலிருந்து யார் இதைச் சொன்னாலும், நகரப்போவது யார் என்றுதான் முதலில் பார்ப்பேன். சொல்கிறவர் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

கம்பெனியில் நான் செக்கர். தைத்து முடித்து வரும் ஷூவை ஜோடி ஜோடியாக எடுத்து, தையல் விட்டிருக்கிறதா, இரண்டு காலுக்கும் நிறம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, தேறாததை ஒதுக்க வேண்டும். லோடு கிளம்பும் அவசரத்தில் சூப்பர்வைசர் வந்து, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உடும்மா” என்பார். “நீங்க போட்டுக்குவீங்களா சார்?” என்று கேட்பேன். பேஜார் புடிச்சவ என்று லைனில் எனக்குப் பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். அந்த வேலை அதைவிடப் பிடிக்கும்.

அம்மாவும் கல்யாணத்துக்கு முன்னால் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தவள்தான். கல்யாணமானதும் அப்பா வீட்டில் வேண்டாம் என்றார்கள், நின்றுவிட்டாள். அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வாசலில் விட்ட செருப்பின் தையலைப் பார்த்துவிடுவாள். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

என்னைப் பெண் பார்க்கக் காவேரிப்பாக்கத்திலிருந்து வந்தார்கள். விவசாயக் குடும்பம். பையனுக்கு ராணிப்பேட்டையில் வேலை. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காபி குடித்து முடித்ததும் பையனின் அம்மா சொன்னார்: “எங்க ஊர்லருந்து ஆம்பூர் வந்து போறதுலாம் ஆவாது. பொண்ணு வேலைய உட்டுடணும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.”

அப்பா உடனே தலையாட்டினார். அம்மா தரையைப் பார்த்தாள். அங்கேயே நின்றால் ஏதாவது சொல்லித் தொலைப்பேன் என்று வாசலுக்கு வந்துவிட்டேன்.

அங்கே வந்தவர்களின் செருப்புகள் கிடந்தன. நடுவில் புத்தம் புதிதாக ஒரு ஜோடி பிரவுன் ஷூ. கை சும்மா இருக்குமா? இடது ஷூவை எடுத்து முனையை மடக்கிப் பார்த்தேன். உள்ளே விரலை விட்டுத் தடவினேன். வலதையும் எடுத்து இரண்டையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தேன். போன் பேசுவதற்காக வெளியே வந்த பையன் என்னைப் பார்த்தது அப்போதுதான்.

“இன்னாங்க, ரிஜெக்டா?” என்றார்.

வேறு ஒருத்தியாக இருந்தால் ஷூவைப் போட்டுவிட்டு உள்ளே ஓடியிருப்பாள். நான், “ரெண்டுக்கும் கலர் வேற. ஒண்ணு ஜாஸ்தி, ஒண்ணு கம்மி. எங்க டேபிள்ல இது தாண்டாது” என்றேன்.

வாங்கிப் பார்த்தார். “ஆமாங்க. கடக்காரன் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னான்.”

“நீங்களும் பண்ணிக்கினீங்க.”

சிரித்தார். சிரிக்கிற ஆள் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. “வேலைய உட எனக்கு இஷ்டமில்லங்க. ஆம்பூர்லயே வீடு பாக்கலாம். நீங்க டிரெய்ன்ல வாலாஜா ரோடு போய், அங்கருந்து பஸ் புடிச்சா உங்க கம்பெனி வந்துடும். நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்களேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. கோபமில்லை. அந்தச் சொல்லை அவரிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை போலிருக்கிறது. “வீட்ல பேசிட்டு சொல்றேன்” என்று ஷூவைக் கீழே வைத்தார்.

அவர்கள் போனதும், வாசலில் நான் பேசியதைக் கேட்டிருந்த அப்பா குதி குதியென்று குதித்தார். அவர்கள் எப்படிச் சொன்னாலும் இந்த இடம்தான், மறு பேச்சுக் கிடையாது என்று முடித்துவிட்டார். பதில் வரும்வரை ஒவ்வொரு ஜோடியையும் கையில் எடுக்கும்போது, இன்னும் எத்தனை நாளைக்கு இந்த டேபிள் என்றே இருந்தது. பயமாகவும் இருந்தது.

கடைசியில் அப்பாவுக்குப் போன் செய்தது அவரேதான். “ஆம்பூர்லயே வீடு பாருங்க மாமா. நான் போய்ட்டு வந்துக்கறேன்.”

கல்யாணம் முடிந்து ஆம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். காலையில் எனக்கு முன்னால் அவர் கிளம்பி ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். நான் என் டேபிளில் இருக்கிறேன். சூப்பர்வைசரிடம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் மாமியார் வந்திருந்தார். அம்மாவும் வந்திருந்தாள். பக்கத்து வீட்டம்மாவிடம் மாமியார் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “எம் புள்ள மாதிரி யாருக்கு அமையும்? பொண்டாட்டி வேலைய உடக் கூடாதுன்னு டெய்லி டிரெய்ன்ல அலையறான். எவ்ளோ அட்ஜஸ்ட் பண்றான் பாருங்க!” பக்கத்து வீட்டம்மா, “தங்கமான புள்ள” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். நானும் ஆமாம் என்றேன். உண்மைதானே.

சமையலறைக்குப் போனேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. நிமிராமலே, “நான் வேலைய உட்டப்ப ஒருத்தரும் அப்பிடி சொல்லலடி” என்றாள். அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

“நல்லா தைப்பேன்டி நானு. தெரியுமா?”

எனக்குத் தெரியாது. அம்மா தைத்த ஒரு ஷூவைக்கூட நான் பார்த்ததில்லை.