பங்கோர் தீவின் பாக்கியம் மிஸ்ஸி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஈப்போ நகரின் புந்தோங்கில் என் வீட்டுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருப்பவர் கையசைத்துக் கூப்பிட்டார். கடைத் தொலைபேசியில் எனக்கு ஆள் காத்திருப்பதாகச் சொன்னார். லகாட்டிலிருந்து பாக்கியம் மிஸ்ஸியின் அண்ணன் முனியாண்டி பேசினார்.

"கிராணி, தங்கச்சி போயிட்டா."

தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டார். மற்றதை அவள் சொன்னாள். குனோங் ராபாட் வீட்டில் தனியாக இருந்த பாக்கியம் மிஸ்ஸிக்கு ஞாயிற்றுக்கிழமையே உயிர் பிரிந்திருக்கிறது. திங்கள் பிற்பகலிலும் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சீன அம்மா கதவைத் தட்டியிருக்கிறார். நெஞ்சுவலி என்று டாக்டர் சொன்னாராம். மிஸ்ஸிக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

பங்கோர் தீவின் கிழக்குக் கரையில் இருந்த சின்னப் பிரசவ நிலையத்தில் மிஸ்ஸி பதினான்கு ஆண்டுகள் தாதியாக இருந்தார். அதில் பதினோரு ஆண்டுகள் நான் அங்கே கிராணி, அதாவது குமாஸ்தா. அவரை அறியாதவர்களுக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். அறிந்தவர்கள் தீவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் தமிழ் படிப்பவர்கள் சிலர்தான்.

மிஸ்ஸி ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவர். தாயும் தகப்பனும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது குடும்பம் லகாட்டுக்கு வந்தது. பெற்றோர் அடுத்தடுத்து இறந்துவிட, அண்ணன் முனியாண்டிதான் தங்கையைப் படிக்க வைத்தார். தாதிப் பயிற்சி முடிந்ததும் எழுபதுகளின் தொடக்கத்தில் தீவுக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம். அதுவரை மிஸ்ஸி கடலைப் பார்த்ததே இல்லை.

அந்தக் கரையில் மூன்று கூட்டத்து மக்கள் இருந்தார்கள். படகுத்துறையை ஒட்டி, தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நின்ற வீடுகளில் ஹொக்கியன் சீனர்கள் இருந்தார்கள். பெரிய படகுகளும் நெத்திலி அவிக்கும் கொட்டகைகளும் அவர்களுடையவை. தென்னந்தோப்புக்குள் மலாய்க்காரர்களின் கம்பம், அதாவது கிராமம். சாலை வேலைக்கும் குழாய் வேலைக்கும் வந்து தங்கிவிட்ட நம்மவர்கள், இருபது வீடு இருக்கும், மலையடியில் இருந்தார்கள். காலையில் எல்லோரும் ஒரே துறையில் நிற்பார்கள். மீனின் விலையும் காற்றின் போக்கும் பேசுவார்கள். பிறகு அவரவர் பாதையில் அவரவர் போய்விடுவார்கள். ஒரு வீட்டுக்காரர் மற்றொரு வீட்டுப் படியேறிப் பார்ப்பது அரிது.

முதல் நான்கு மாதம் மிஸ்ஸியை யாரும் அழைக்கவில்லை. கம்பத்தில் மாக் சோம் என்ற பீடான் இருந்தார். பீடான் என்றால் மருத்துவச்சி. சீனப் பெண்கள் பிரசவத்துக்கு முன்பே எதிர்க்கரையிலுள்ள லூமுட்டுக்குப் போய்விடுவார்கள், அல்லது தங்களுக்குள்ளேயே பார்த்துக்கொள்வார்கள். மிஸ்ஸி வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு காலை எட்டு மணிக்கு நாற்காலியில் உட்காருவார். மாலையில் எழுந்து போவார். ஒருநாள் அவராகவே மாக் சோம் வீட்டுக்கு நடந்தார். சண்டைக்குப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, அடுத்த பிரசவத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றார். பிறகு இருவரும் சேர்ந்தே போனார்கள். மாக் சோம் வயிற்றைத் தடவி ஓதுவார். மிஸ்ஸி கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டு வைப்பார். ஒரு வருடத்தில் சீன வீடுகளிலிருந்தும் ஆள் வந்தது. மிஸ்ஸி ஹொக்கியன் பேசினால் பிரசவ வலியிலும் பெண்கள் சிரித்துவிடுவார்கள்.

ஐந்தாம் ஆண்டில் ஆ லான் இறந்தார்.

ஆ செங் என்ற மீனவரின் மனைவி அவர். முதல் பிரசவம். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. நஞ்சுக்கொடி மட்டும் வரவில்லை. ரத்தம் நிற்கவில்லை. காலை பத்து மணி. சுமத்ராப் பக்கமிருந்து வரும் காற்று அடித்து ஓய்ந்து, படகெல்லாம் கடலுக்குப் போயிருந்தது. கரையில் கிடந்த இரண்டில் ஒன்றில் எஞ்சின் இல்லை. மற்றதில் எண்ணெய் இல்லை. நான் வீடு வீடாக ஓடி எண்ணெய் தேடிக் கொண்டுவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. லூமுட் கரை கண்ணில் தெரிந்தபோது ஆ லான் மிஸ்ஸியின் மடியில் அடங்கிவிட்டார். மிஸ்ஸி அழவில்லை. படகு கரையைத் தொடும்வரை இரண்டு கைகளாலும் அந்தப் பெண்ணின் வயிற்றை அழுத்திப் பிடித்தபடியே இருந்தார். விட்டுவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

விசாரணைக்கு வந்தவர்கள் தாதி மேல் தவறில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஆனால் சீன வீடுகளிலிருந்து ஆள் வருவது நின்றது. யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் வரும்போது பலகைப் பாதையில் நிற்கிற பெண்கள் உள்ளே போய்விடுவார்கள், அவ்வளவுதான். இனி மாற்றல் கேட்டுப் போய்விடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். நான் மனுத் தாளைக்கூட எடுத்து வைத்தேன்.

"போனா அந்தப் புள்ளைய யாரு நிறுத்துப் பாப்பாங்க கிராணி?" என்றார்.

குழந்தையை ஆ செங்கின் அக்கா ஆ கெக் வளர்த்தார். வெள்ளிக்கிழமைதோறும் மிஸ்ஸி தராசைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவார். கதவு திறக்காது. வாசல் பலகையில் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்புவார். இப்படி ஒன்பது வாரம். பத்தாவது வெள்ளி நல்ல மழை. நானும் கூடப் போயிருந்தேன். ஆ கெக் குழந்தையோடு வெளியே வந்தார். மழையிலுமா வருவாய் என்று மலாயில் கேட்டார். மிஸ்ஸி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் குழந்தையை வாங்கித் தராசுத் துணியில் கிடத்தினார். முள்ளைப் படித்து என்னிடம் எடை சொன்னபோது அவர் குரல் கம்மியது. ஆ லான் இறந்ததற்காக நான் கேட்ட ஒரே அழுகை அதுதான்.

அதன் பிறகு மிஸ்ஸி ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். நிலையத்துக்கென்று ஒரு படகு வேண்டும். மேலிடத்துக்கு அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த கடிதங்களால் ஒரு கோப்பு நிறைந்தது. கவனிக்கப்படும் என்று பதில் வரும். மூன்றாம் ஆண்டு மிஸ்ஸி கடிதத்தை நிறுத்தினார். ஒரு காலை வேளையில் படகுத்துறைக்குப் போய், மூன்று கூட்டத்து ஆண்களும் நின்ற இடத்தில் பேசினார். நீளமாகப் பேசவில்லை. தினமும் ஒரு படகு, எண்ணெய் நிரப்பி, கடலுக்குப் போகாமல் துறையில் நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் முறை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு நாள் மீன்பிடியை விடுவது அவர்களுக்குச் சின்னக் காரியமல்ல. கடைசியில் ஆ செங் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்கு என் படகு நிற்கும் என்றார். மறுநாள் நின்றது. அதற்கு மறுநாள் மாக் சோமின் மருமகன் படகு. நம்மவர்களிடம் படகு இல்லை. அவர்கள் எண்ணெய்க்குப் பொறுப்பேற்றார்கள். நான் தீவை விட்டு வந்த நாள்வரை அந்த முறை ஒருநாளும் தவறவில்லை. அந்தப் படகில் ஏறிப் பிழைத்த பெண்களை நான் அறிவேன்.

இத்தனைக்கும் மிஸ்ஸி தனி ஆள்தான். தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு எல்லா வீட்டுக்கும் அனுப்புவார். பதிலுக்கு மீன் வரும், தேங்காய் வரும், ஆரஞ்சு வரும். கொண்டுவந்தவர்கள் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போவார்கள். உத்தியோகத்தில் இருப்பவர் என்ற மரியாதை. நானும் அப்படித்தான் நின்றேன். ஒருமுறை சொன்னார்:

"எல்லா வீட்டுப் பொறப்புலயும் நான் இருக்கேன் கிராணி. என் வீட்டுல உக்காந்து ஒரு வாய் சாப்பிட ஆள் இல்ல லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அன்று உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாம்.

முனியாண்டி அண்ணன் இரண்டு வரன் பார்த்தார். இரண்டு இடத்திலும் தீவு வேலையை விட வேண்டும் என்றார்கள். மிஸ்ஸி மறுக்கவும் இல்லை, விடவும் இல்லை. பேச்சு தானாக நின்றுபோனது. அதில் அண்ணனுக்குக் கோபம். கடிதம் எழுதுவார், தீவுக்கு வரமாட்டார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், கேட்காமலேயே மிஸ்ஸிக்கு ஈப்போவுக்கு மாற்றல் வந்தது. குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலைக்குக் கீழே வரிசை வீடொன்றை வாடகைக்கு எடுத்தார். அதற்கு முன்பே நான் புந்தோங்குக்கு வந்துவிட்டேன். மோட்டார் சைக்கிளில் இருபது நிமிட வழி. மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை போனேன்.

இரண்டாவது முறை போனபோது சாப்பிட வைத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் நாளுக்கு எத்தனையோ பிரசவம், ஒரு முகமும் மனதில் நிற்பதில்லை என்றார். தீவுக்கு ஒருமுறை போய் வரலாமே என்றேன்.

"என்னான்னு சொல்லிப் போறது? யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லன்னாதான் நம்ம போவோம். சும்மா போயி நின்னா, என்னா மிஸ்ஸி வந்திருக்கீங்கன்னு கேப்பாங்க லா. நான் என்னா சொல்வேன்?"

கிளம்பும்போது அடுத்த மாதம் வருகிறேன் என்றேன். வாசல்வரை வந்து, "மெதுவா ஓட்டுங்க" என்றார். அடுத்த மாதம் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. காரணம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

சாம்பலை வெள்ளிக்கிழமை எங்கே கரைப்பது என்று முனியாண்டி அண்ணன் கேட்டார். லூமுட் என்றேன். அவரும் நானும் மட்டும் பேருந்தில் போனோம். கலசத்தை மடியில் வைத்து, துண்டால் மூடியிருந்தார். துறையில் ஒரு சின்னப் படகை அமர்த்திக்கொண்டோம். ஓட்டியவருக்கு எங்களைத் தெரியாது, மிஸ்ஸியையும் தெரியாது. ஆற்று வாய் கடந்து வளைவு திரும்பியதும் காற்று மாறியது. அண்ணன் அதுவரை தலை நிமிரவில்லை.

"அவ இருந்த தீவு எந்தப் பக்கம் கிராணி?"

நேரே கையைக் காட்டினேன். பச்சை மலை, அதன் அடியில் வீடுகள், கொட்டகைகளின் தகரக் கூரைகள் எல்லாம் வெயிலில் தெளிவாகத் தெரிந்தன. அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இவ்ளோ கிட்டயா இருக்கு?" என்றார்.

அவர் குனிந்து துண்டை அவிழ்த்தார்.

மிஸ்ஸி, நாங்கள் இரண்டு பேரும் வந்தோம். தாமதமாகத்தான் வந்தோம்.